டிரஸ்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வேலையே

கலிஃபோர்னியாவில் வீடு வைத்திருக்கும் நம்மவர்கள் நாலு பேர் கூடுகிற இடத்தில் லிவிங் டிரஸ்ட் (சொத்தை யார் நிர்வகிப்பது, பிறகு யாருக்குப் போவது என்று எழுதி வைத்து, அதன் பெயருக்கே சொத்தை மாற்றுகிற ஏற்பாடு) பற்றிப் பேச்சு எழுந்தால், முதலில் வருகிற கேள்வி "வரி எவ்வளவு மிச்சமாகும்?" என்பதுதான். ஒரு பைசா மிச்சமாகாது. ஓட்டலில் இலவச டின்னர் போட்டு டிரஸ்ட் விற்கிறவர்கள் கடைசிவரை இதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள் என்பதால் நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரெவோக்கபிள் லிவிங் டிரஸ்ட், அதாவது நாம் உயிரோடு இருக்கிறவரை எப்போது வேண்டுமானாலும் மாற்றவோ ரத்து செய்யவோ முடிகிற டிரஸ்ட், வருமான வரிக் கணக்கில் இருப்பதே தெரியாது. அதில் வருகிற வட்டியும் டிவிடெண்டும் நம் சோஷியல் செக்யூரிட்டி எண்ணிலேயே, நம் 1040 படிவத்திலேயே வரும். கடன்காரர்களிடமிருந்தும் அது காப்பாற்றாது. நாம் நினைத்தபோது எடுத்துக்கொள்ள முடிகிற சொத்தில் நம் கடன்காரர்களும் கை வைக்கலாம் என்பதுதான் சட்டம். எஸ்டேட் டாக்ஸ், அதாவது இறந்தவர் விட்டுப்போகிற சொத்துக்கான வரி, என்று பயமுறுத்துவார்கள். 2026இல் அமெரிக்கக் குடிமகன் ஒருவருக்கு 1.5 கோடி டாலர் வரை அந்த வரியே கிடையாது, அதற்கு மேல் சொத்து இருப்பவர்கள் இந்தப் பதிவைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அப்புறம் எதற்கு டிரஸ்ட்? கோர்ட் வாசலை மிதிக்காமல் இருக்க. அவ்வளவுதான். ஆனால் அந்த "அவ்வளவுதான்" கலிஃபோர்னியாவில் கொஞ்சம் பெரிய தொகை.

இங்கே ஒருவர் தன் பெயரில் மட்டும் சொத்து வைத்துவிட்டு இறந்துபோனால், உயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பெரும்பாலும் அது கவுண்டியின் சுப்பீரியர் கோர்ட் வழியாகத்தான் வாரிசுகளிடம் வரவேண்டும். இதுதான் புரொபேட். "உயில் எழுதியாச்சு" என்று நிம்மதியாக இருப்பவர்கள் தயவுசெய்து முந்தின வரிக்கு முந்தின வரியை இன்னொரு முறை படிக்கவும். யாருக்கு என்ன என்பதைத்தான் உயில் சொல்கிறது, கோர்ட்டைத் தவிர்ப்பது அதன் வேலையே இல்லை. புரொபேட்டுக்கு வக்கீல் கட்டணத்தின் உச்சவரம்பைச் சட்டமே சதவீதமாக வகுத்து வைத்திருக்கிறது: முதல் 1 லட்சம் டாலருக்கு 4 சதவீதம், அடுத்த 1 லட்சத்துக்கு 3, அதற்கடுத்த 8 லட்சத்துக்கு 2, அதற்கு மேல் 90 லட்சத்துக்கு 1. கொடுமை என்னவென்றால் கணக்குப் போடுவது சொத்தின் முழு மதிப்புக்கு, மார்ட்கேஜைக் கழிக்கவே மாட்டார்கள். 16 லட்சம் டாலர் வீடு, அதில் 10 லட்சம் கடன் பாக்கி என்று வையுங்கள். நமக்கு உண்மையில் இருப்பது 6 லட்சம், ஆனால் வக்கீலுக்கு 29,000 டாலர், அதே அளவு எக்ஸிக்யூட்டராக, அதாவது உயிலை நிறைவேற்றுகிறவராக, இருப்பவருக்கும் உண்டு. எக்ஸிக்யூட்டர் குடும்பத்து ஆளாக இருந்தால் வேண்டாம் என்று விட்டுவிடலாம், வக்கீல் எதற்கு விடப்போகிறார். கடன்காரர்கள் வந்து கேட்பதற்கே நான்கு மாதம் அவகாசம் கொடுத்தாக வேண்டும், அதோடு கோர்ட் தேதி, மதிப்பீடு, நோட்டீஸ் எல்லாம் சேர்ந்து ஒன்பது மாதத்தில் முடிந்தால் அதிர்ஷ்டம், ஒன்றரை வருடம் என்பது சர்வசாதாரணம்.

விலக்குகளும் உண்டு, அதையும் சொல்லிவிடவேண்டும். 2025 ஏப்ரல் முதல், மொத்தம் 2,08,850 டாலருக்குள் இருந்தால் சுருக்கு வழி இருக்கிறது, வசித்த வீடு 7,50,000 டாலருக்குள் இருந்தால் அதற்கும் ஒரு எளிய மனு இருக்கிறது. பே ஏரியாவில் அந்த விலைக்கு என்ன கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். கணவன் மனைவி இருவரில் ஒருவர் போனால் மற்றவருக்கு மாறுவதும் பெரிய சிக்கல் இல்லை, பத்திரத்தில் சர்வைவர்ஷிப் என்று எழுதியிருந்தால் ஒரு அஃபிடவிட்டோடு முடிந்துவிடும். இரண்டாமவர் போகும்போதுதான், அல்லது இருவரும் ஒன்றாக ஒரு காரில் போகும்போதுதான், எல்லாம் கோர்ட்டுக்குப் போகிறது. டெக்சாஸில் இருக்கும் என் தம்பி, "அக்கா, எங்க ஊர்ல உயிலே போதும்னு லாயரே சொல்றார்" என்றான். அவன் சொல்வது சரிதான். டெக்சாஸில் கோர்ட்டின் தலையீடு அதிகம் இல்லாமல் எக்ஸிக்யூட்டரே முடித்துக்கொள்கிற முறை இருக்கிறது, செலவும் குறைவு. ஆகவே இது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிற விஷயம், கலிஃபோர்னியாக்காரர் சொன்னார் என்று நியூ ஜெர்சியில் ஓடிப்போய் டிரஸ்ட் எழுதவேண்டாம்.

பணத்தை விட எனக்குப் பெரிதாகத் தெரிந்த காரணம் வேறு. சாகாமல், பக்கவாதமோ மறதி நோயோ வந்து கையெழுத்துப் போட முடியாமல் படுத்துவிட்டால்? அப்போது உயில் எதற்கும் உதவாது, ஏனென்றால் ஆள் உயிரோடுதான் இருக்கிறார். ஏற்பாடு எதுவும் இல்லையென்றால் பிள்ளைகள் கோர்ட்டில் கன்சர்வேட்டர்ஷிப், அதாவது நம் சார்பில் பொறுப்பேற்கிற அதிகாரம், கேட்டு நிற்கவேண்டும், முதல் வருட முடிவிலும் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவதும் கணக்கு காட்டவேண்டும். டிரஸ்டில் நமக்கு அடுத்த டிரஸ்டி யார் என்று எழுதியிருந்தால், டாக்டர் சான்றிதழோடு அவர் நேராகப் பொறுப்பேற்று மார்ட்கேஜ் கட்டலாம், வீட்டை வாடகைக்கு விடலாம், தேவைப்பட்டால் விற்று மருத்துவச் செலவைப் பார்க்கலாம்.

அமைப்பு ஒன்றும் கடினமில்லை. எழுதுகிறவர், நிர்வகிக்கிற டிரஸ்டி, அனுபவிக்கிறவர் ஆகிய மூன்று வேடத்தையும் ஆரம்பத்தில் நாமே போட்டுக்கொள்கிறோம். நாம் போனதும், அல்லது முடியாமல் ஆனதும், சக்சஸர் டிரஸ்டி வந்து உட்காருகிறார். வக்கீல் தருகிற கனமான ஃபைலில் இதோடு வேறு சில காகிதங்களும் இருக்கும்: டிரஸ்டுக்குள் வராமல் விட்டுப்போனதை அதில் கொண்டுவந்து சேர்க்கிற போர்-ஓவர் வில், பவர் ஆஃப் அட்டர்னி, மருத்துவ முடிவுகளுக்கான அட்வான்ஸ் ஹெல்த் கேர் டைரக்டிவ். நோட்டரி முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டதும் பெரிய நிம்மதி வரும். அங்கேதான் பலர் ஃபைலை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள்.

டிரஸ்ட் என்பது காலி அண்டா மாதிரி, அரிசி போட்டால்தான் சோறு. வீட்டுப் பத்திரம் இன்னும் உங்கள் இருவர் பெயரிலேயே இருந்தால், எத்தனை பக்கம் டிரஸ்ட் எழுதினாலும் அந்த வீடு கோர்ட்டுக்குத்தான் போகும். பெயர் மாற்ற ஒரு டீட் எழுதி, நோட்டரி முன் கையெழுத்திட்டு, கவுண்டி ரெக்கார்டர் அலுவலகத்தில் பதியவேண்டும், கூடவே உரிமை மாற்றத்துக்கான ஒரு படிவமும் கொடுக்கவேண்டும். பலருக்கு இங்கே இரண்டு பயம். வாங்கின விலையை ஒட்டியே சொத்து வரியைக் கட்டுக்குள் வைக்கிற புரொபோசிஷன் 13 சலுகை போய், வரி ஏறிவிடுமோ? ஏறாது, தன் ரெவோக்கபிள் டிரஸ்டுக்குத் தானே மாற்றுவதைச் சட்டம் உரிமை மாற்றமாகவே எடுத்துக்கொள்வதில்லை. வங்கி மொத்தக் கடனையும் உடனே கட்டு என்று கேட்குமோ? நாம் குடியிருக்கும் வீட்டை நம் டிரஸ்டுக்கு மாற்றினால் அப்படிக் கேட்கக்கூடாது என்று 1982லேயே மத்திய அரசு சட்டம் போட்டுவிட்டது.

ஆனால் இன்னொரு பொறி இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. 2020, 2021இல் வட்டி 3 சதவீதத்துக்குக் கீழே இறங்கியபோது நம்மவர்கள் வரிசையில் நின்று ரீஃபைனான்ஸ் செய்தார்கள் இல்லையா. கடன் கொடுக்கிற கம்பெனிகள் பல, "வீட்டை டிரஸ்டிலிருந்து வெளியே எடுத்து உங்கள் சொந்தப் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள், முடிந்ததும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்" என்பார்கள். கடன் முடிக்கிற எஸ்க்ரோ அலுவலகத்தில் நீட்டிய முப்பது காகிதங்களில் அதுவும் ஒன்றாக இருக்கும். வெளியே எடுப்பது அவர்கள் வேலை, செய்துவிடுவார்கள். திரும்பப் போடுவது நம் வேலை. எங்கள் நண்பர் வட்டத்தில் விசாரித்தபோது வீடு டிரஸ்டில் இருப்பதாக உறுதியாக நம்பிக்கொண்டிருந்த இரண்டு குடும்பங்களின் வீடு அதில் இல்லை. கவுண்டியில் போய்க் கடைசியாகப் பதிவான பத்திரத்தின் நகலை எடுத்துப் பாருங்கள், பெயருக்குப் பக்கத்தில் டிரஸ்டி என்று இருக்கிறதா என்று.

மாற்றாமலே ஒருவர் இறந்துபோனால் எல்லாம் கைவிட்டுப் போனதாகவும் ஆகிவிடாது. 1993இல் ஹெக்ஸ்டாட் என்பவரின் எஸ்டேட் வழக்கில், டிரஸ்டோடு இணைத்த சொத்துப் பட்டியலில் அந்தச் சொத்தைக் குறிப்பிட்டு, டிரஸ்டியாக வைத்திருக்கிறேன் என்று அவரே எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் போதும் என்று கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதிலிருந்து "ஹெக்ஸ்டாட் பெட்டிஷன்" என்றே வக்கீல்கள் சொல்கிறார்கள். எனவே அந்தப் பட்டியலில் வீட்டு முகவரியை விலாவாரியாக எழுதிவையுங்கள். ஆனாலும் அது கோர்ட்டில் போடுகிற மனுதான். எந்தக் கோர்ட்டைத் தவிர்க்கக் காசு கொடுத்தோமோ அங்கேயே போய் நிற்கவேண்டும்.

வங்கிக் கணக்கு மாற்றுவது அலுப்பான வேலை. ஒரு வங்கிக் கிளையில் டிரஸ்டின் முழு நகலும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். யாருக்கு எவ்வளவு என்று குடும்ப விஷயம் முழுவதும் எழுதியிருக்கிற ஆவணத்தை கவுண்டரில் இருப்பவர் எதற்குப் படிக்கவேண்டும்? சர்ட்டிஃபிகேஷன் ஆஃப் டிரஸ்ட் என்று இரண்டு மூன்று பக்கச் சுருக்கம் இருக்கிறது, கலிஃபோர்னியா சட்டப்படி அதுவே போதும், அதைக் காட்டி நிற்கலாம். பங்குச்சந்தைக் கணக்குகளில் பெரும்பாலும் ஆன்லைனிலேயே படிவம் இருக்கிறது. கார்களை நாங்கள் விட்டுவிட்டோம், அதற்கு டிஎம்வியில் தனி எளிய வழி இருக்கிறது.

401கே, ஐஆர்ஏ என்கிற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்குகளை மட்டும் டிரஸ்ட் பெயருக்கு மாற்றவே கூடாது. மாற்றினால் மொத்தமும் வெளியே எடுத்ததாகக் கணக்காகி அந்த வருடமே வரி விழும். நமக்குப் பிறகு பணம் யாருக்கு என்று எழுதித் தருகிற பெனிஃபிஷியரி படிவம்தான் அவற்றுக்கு எல்லாமே. அந்தப் படிவம் உயிலையும் மிஞ்சும், டிரஸ்டையும் மிஞ்சும். கல்யாணத்துக்கு முன்னால் முதல் வேலையில் சேர்ந்தபோது அம்மா பெயரை எழுதிக் கொடுத்த பழைய ஐஆர்ஏ, இன்சூரன்ஸ் ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள். அடுத்தபடியாகப் பிள்ளைகள் பெயரை நேராக எழுதுவதும் ஆபத்து. மைனர் கையில் இன்சூரன்ஸ் பணத்தைக் கொடுக்கமாட்டார்கள், கோர்ட் ஒரு கார்டியனை வைத்துப் பார்த்துக்கொண்டு, 18 வயது ஆன அன்று மொத்தப் பணத்தையும் பையன் கையில் கொடுத்துவிடும். 18 வயதில் பத்து லட்சம் டாலர் கிடைத்தால் என் மகன் என்ன கார் வாங்குவான் என்று எனக்கு இப்போதே தெரியும். இன்சூரன்ஸில் இரண்டாவது பெனிஃபிஷியரியாக டிரஸ்டைப் போட்டுவிட்டு, படிப்புக்கு எப்போது வேண்டுமானாலும், மீதி 25 வயதில் பாதி, 30இல் பாதி என்று டிரஸ்டில் எழுதியிருக்கிறோம்.

இதற்கெல்லாம் பதிலாக நம் ஊர்ப் பழக்கத்தில், "எதுக்கு இவ்வளவு செலவு, பையன் பேரையும் வீட்டுப் பத்திரத்துல சேத்துட்டா போச்சு" என்று ஒரு யோசனை எல்லா வீட்டிலும் வரும், எங்கள் வீட்டில் மாமனார் சொன்னார். சேர்த்த அன்றே அது அன்பளிப்பு. 1999இல் 4 லட்சத்துக்கு வாங்கிய வீடு இன்று 16 லட்சம் என்றால், பையனுக்குப் போன பங்குக்கு அந்தப் பழைய விலைதான் அடக்க விலை, நாளைக்கு விற்றால் லாபம் முழுவதற்கும் அவன் வரி கட்டவேண்டும். அதே வீடு நம் இறப்புக்குப் பிறகு டிரஸ்ட் வழியாக அவனுக்குப் போனால், இறந்த அன்றைய சந்தை மதிப்பே அடக்க விலையாகிவிடும். இதோடு அவனுக்கு விவாகரத்து, கடன் என்று எது வந்தாலும் நம் தலைக்கு மேல் இருக்கிற கூரையில் அவர்கள் உரிமை கேட்கலாம்.

சரி, இதெல்லாம் காகித வேலை, யாரையாவது பிடித்து முடித்துவிடலாம். எங்களை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தது ஒரு வெற்றுக் கோடு: இருவரும் இல்லையென்றால் பிள்ளைகள் யாரிடம் வளர்வார்கள்? (இது டிரஸ்டில் வராது, உயிலில் எழுதவேண்டும், கடைசி முடிவு கோர்ட்டுடையது என்றாலும் பெற்றோர் எழுதி வைத்ததற்கு மதிப்பு உண்டு.) திருச்சியில் என் அக்கா. டல்லாஸில் தம்பி. சான் டியாகோவில் கணவரின் அண்ணன். மனசு கேட்டால் அக்காதான். ஆனால் அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகள், இரவோடு இரவாகக் கூட்டிப்போக முடியாது, அக்காவுக்கு விசா வேண்டும், பிள்ளைகளுக்கு இந்தியாவில் தங்க ஓசிஐ அட்டை வேண்டும், பிள்ளைகளை நாடு மாற்ற இங்கே கோர்ட்டின் அனுமதி வேண்டும். அதுவரை? அதற்குத்தான் தற்காலிகக் கார்டியன் என்று பக்கத்துத் தெருவில் இருக்கிற ஒரு தோழி பெயரை எழுதினோம். போலீஸ் வந்து கதவைத் தட்டுகிற முதல் இரவுக்கு பத்து மைலுக்குள் ஒரு ஆள் வேண்டும். நிரந்தரத்துக்குத் தம்பி, பணத்துக்குக் கணவரின் அண்ணன். வளர்க்கிறவரும் பணத்தைப் பார்க்கிறவரும் ஒரே ஆளாக இருக்கவேண்டாம் என்று வக்கீல் சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது. அக்காவிடம் இதை நான் ஃபோனில் சொன்னபோது ஒரு நிமிடம் பேச்சே இல்லை, பிறகு "என்னடி, நான் இல்லையா?" என்றாள். காரணம் சொன்னேன். புரிந்தது என்றாள், ஆனால் அந்த வருடம் தீபாவளிக்கு அவள் ஃபோன் பண்ணவில்லை. இந்தச் செலவை எந்த வக்கீலும் பில்லில் போடுவதில்லை.

இப்போது ஊர்ச் சொத்து. அதை அமெரிக்க டிரஸ்டில் சேர்க்க நினைக்கவேண்டாம். இந்திய நிலத்துக்கு இந்தியச் சட்டம், ஃபெமா என்கிற அந்நியச் செலாவணி விதிகள், சார்பதிவாளர் அலுவலகம். இங்கே எழுதின டிரஸ்டைக் கொண்டுபோய்ப் பட்டா மாற்றக் கேட்டால் யாரும் சீந்தமாட்டார்கள். அங்கே உள்ளதற்கு அங்கே ஒரு தனி உயில், இரண்டு சாட்சிகளோடு. பதிவு கட்டாயம் இல்லை, ஆனால் ஊருக்குப் போகும்போது பதிந்துவிட்டு வருவது நல்லது. இதில் ஒரு வரி கழுத்தை அறுக்கும். அமெரிக்க உயில் எல்லாவற்றிலும் முதல் பக்கத்தில் "இதற்கு முன் நான் எழுதிய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன்" என்று அச்சடித்த மாதிரி ஒரு வாக்கியம் வரும். போன வருடம் திருச்சியில் பதிந்த உயிலை இந்த வருடம் ஃப்ரீமாண்டில் போடுகிற கையெழுத்து காலி செய்துவிடும். "இந்தியாவில் உள்ள சொத்துகளுக்கான உயில் நீங்கலாக" என்று சேர்க்கச் சொல்லுங்கள். அங்கே எழுதுவதிலும் இதே எச்சரிக்கை வேண்டும்.

உயில் இல்லாமல் போனால் அங்கே என்ன ஆகும் என்பது நம்மில் பலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, தெரியாது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஆண் இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு அவர் அம்மாவுக்கும் சம பங்கு. பெண் இறந்தால் முதலில் கணவரும் பிள்ளைகளும். அவர்கள் யாரும் இல்லையென்றால் அடுத்து கணவரின் வாரிசுகள், அதற்குப் பிறகுதான் அவளைப் பெற்ற அம்மா அப்பா. அப்பா அம்மா வழியில் வந்த சொத்துக்கு மட்டும் விலக்கு. அதாவது, பிள்ளை இல்லாத ஒரு பெண் கணவனையும் இழந்தபின், தன் சம்பளத்தில் வேளச்சேரியில் வாங்கிய ஃபிளாட், அவள் போனபின் அவளுடைய அம்மாவைத் தாண்டிக் கணவரின் வீட்டாருக்குப் போகும். இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு, ஆனால் கோபத்துக்கு மருந்து இரண்டு பக்க உயில்தான். வங்கியில் நாமினி போட்டாச்சே என்பார்கள். நாமினி பணத்தை வாங்கி வைத்திருக்கிறவர், உரிமை வாரிசுக்குத்தான். பங்குகள் விஷயத்திலும் இதையேதான் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஊருக்கே திரும்பிப் போய்விடப்போகிற நண்பர்களுக்கு ஒன்று. கிரீன் கார்டு வாங்காமலோ ஒப்படைத்துவிட்டோ நிரந்தரமாகச் சென்னைக்குப் போய்விட்டு, இங்கே புரோக்கரேஜில் அமெரிக்கப் பங்குகளை விட்டுவைத்தால், மேலே சொன்ன 1.5 கோடி வரம்பு உங்களுக்கு இல்லை. 60,000 டாலர்தான், அதற்கு மேல் போனால் 40 சதவீதம் வரை எஸ்டேட் டாக்ஸ். இந்தியாவோடு இதற்கு ஒப்பந்தமும் கிடையாது. கம்பெனி சம்பளத்தோடு கொடுத்த பங்குகள் (ஆர்எஸ்யூ) மட்டுமே பலருக்கு இந்தத் தொகையைத் தாண்டும். ரெவோக்கபிள் டிரஸ்டில் போட்டாலும் இதிலிருந்து தப்ப முடியாது. சாதாரண வங்கி டெபாசிட்டுக்கு இந்த வரி இல்லை. கிளம்புவதற்கு முன்னால் ஒரு சிபிஏவை, அதாவது வரிக் கணக்காளரை, பாருங்கள்.

நாங்கள் எழுதினபோது மகளுக்கு ஒன்பது வயது. அதற்குப் பிறகு 2021 பிப்ரவரியில் புரொபோசிஷன் 19 வந்து, பெற்றோர் வீடு பிள்ளைக்குப் போனால் அந்தப் பிள்ளை ஒரு வருடத்துக்குள் அதில் குடிபுகுந்தால்தான் பழைய சொத்து வரி என்று ஆக்கிவிட்டது. வீட்டை வாடகைக்கு விட்டு இருவரும் பங்கு போட்டுக்கொள்ளட்டும் என்று அன்றைக்கு நாங்கள் எழுதியதை இப்போது மாற்றி எழுதவேண்டும். தற்காலிகக் கார்டியன் தோழி ஆஸ்டினுக்குப் போய்விட்டாள், அதுவும் மாறவேண்டும். மகளுக்கு அடுத்த வருடம் 18 ஆகிறது. அன்றிலிருந்து அவள் ஹாஸ்டலில் இருந்து எமர்ஜென்சிக்குப் போனால், என்ன ஆயிற்று என்று எங்களிடம் சொல்ல ஆஸ்பத்திரிக்குக் கட்டாயம் இல்லை. காலேஜ் போவதற்குள் அவளும் ஹெல்த் கேர் டைரக்டிவிலும் மருத்துவத் தகவல் ஒப்புதலிலும் கையெழுத்துப் போடவேண்டும். சொன்னேன். "அம்மா, எனக்கா உயில்?" என்று சிரித்துவிட்டுப் போயிருக்கிறாள்.